பிரியா அடிக்காத மணி

கொளத்துமேடு, பென்னலூர் போஸ்ட்
23-6-1991

அன்புத் தங்கை மெர்சிக்கு,

அண்ணன் யாக்கோபு எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அண்ணி சரோஜாவும் உன் மகள் பிரியாவும் ஆண்டவர் கிருபையால் சுகம். என் வலது முழங்கால் மட்டும் சுகமில்லை. காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எப்படியும் ஊரில் யாராவது உனக்கு எழுதிவிடுவார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். போன வியாழக்கிழமை, நாற்பத்தாறு வயசில், உன் அண்ணனை ஐந்தாம் வகுப்புப் பெஞ்சின் மேல் ஏற்றி நிற்க வைத்துவிட்டார்கள்.

ஏற்றியது சுந்தராம்பாள் டீச்சர்தான். உனக்கு ஒன்றாம் வகுப்பு எடுத்த அதே டீச்சர், அதே பிரம்பு. உன் காலத்தைப் போலவே இப்போதும் பள்ளிக்கு ஒரே ஒரு டீச்சர். இரண்டாமவர் வேறு ஊருக்கு டெபுடேஷன். அதனால் முறை நாளும் மாறவில்லை. தினம் ஒரு பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, சின்ன வகுப்புகளை மேய்த்து, பானையில் தண்ணீர் நிரப்பி, மதியம் பாப்பம்மாள் ஆயாவோடு சோறு பரிமாற வேண்டும். பிரியாவின் முறைக்கு நான் போனேன். திடீரென்று டீச்சர் என் பக்கம் திரும்பி, "பதினாறேழு எவ்வளவு?" என்றார். ஒரு ஷிப்டுக்கு எண்ணூறு போல்ட் எண்ணிப் பெட்டியில் போடுகிறவன் நான். "நூத்தி... நூத்தி..." என்று நின்றேன். தசரதன் மகன் "நூத்திப் பன்னெண்டு மாமா" என்று கிசுகிசுத்தான். பாவம், அவனும் ஏறினான்.

உண்மையில் என் கவனம் வாய்ப்பாட்டில் இல்லை. அதற்குச் சற்று முன்தான் பிள்ளைகள் ஏதோ பாரம் நிரப்பினார்கள், அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரி, அதை விடு.

முறை நாள் என்றால் உனக்கு மணி ஞாபகம் வருமே. யார் வீட்டு அப்பா அம்மா வந்திருக்கிறார்களோ அந்தப் பிள்ளைதான் அன்று முழுக்க மணி அடிக்கும். நம் அப்பா வந்த அன்று நீ மணியாகத் தொங்கிய அந்த லாரி பிரேக் டிரம்மை அடித்த அடியில் மாடெல்லாம் ஏரிக்கு ஓடின. பிரியா இன்னும் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. நான் கம்பியை எடுத்துக் கையில் கொடுத்தேன். "நீ மாமா. அம்மா வந்தாத்தான் அடிப்பேன்" என்று சொல்லிவிட்டது. இது அவளுக்கு ஐந்தாம் வகுப்பு. ஏப்ரலோடு இந்தப் பள்ளி முடிகிறது. தகவலுக்காகச் சொல்லி வைக்கிறேன், அவ்வளவுதான்.

உன் சுகத்துக்கு உடனே எழுது.

அன்பு அண்ணன்,
யாக்கோபு


ரியாத்
12-7-1991

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை மெர்சியின் ஸ்தோத்திரம். நான் சுகம். அண்ணிக்கும் பிரியாவுக்கும் என் முத்தங்கள். உன் முழங்காலுக்குத் தைலம் அனுப்புகிறேன், பெஞ்சு ஏறும்போதெல்லாம் தடவிக்கொள்.

கடிதத்தை வார்டில் வைத்துப் படித்துச் சிரித்துவிட்டேன். பக்கத்திலிருந்த மலையாள நர்ஸ் பயந்துபோய் நாடி பார்த்தாள். சிரித்து நாளாயிற்று அண்ணா. மே மாதத்துக்குப் பிறகு இங்கே எந்த ஊர் என்று யாராவது கேட்டு நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் என்றால், கேட்டவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். நம் ஊர் என்றால் எனக்கு அந்த பிரேக் டிரம்தான். சாயங்கால நீள மணியை நான் நிறுத்தாமல் அடிக்க, அப்பா வந்து கையைப் பிடித்தாரே, அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். "அம்மா வந்தாத்தான்" என்று அவளே சொன்னாளா? அவள் வாயாலேயேவா? நான் விட்டுவிட்டு வந்தபோது அவளுக்கு எட்டு வயசு. அவள் அப்பா செத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

இங்கே அடுத்த இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தப் பாரம் கொடுத்திருக்கிறார்கள். அக்டோபர் முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் இன்னும் இரண்டு வருஷம். போடாவிட்டால் சேர்ந்திருக்கிற லீவைக் கழித்துக்கொண்டு டிசம்பரிலேயே வந்துவிடலாம். அவள் என்னைத் தேடுகிறாள் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. தேடாத பிள்ளையிடம் வந்து நின்று நான் என்ன செய்வேன்?

இங்கே பேரீச்சம்பழம் மலிவு. பிரியா சாப்பிடுவாளா?

உன் தங்கை,
மெர்சி


கொளத்துமேடு
4-8-1991

அன்புத் தங்கைக்கு,

அனைவரும் சுகம். தைலம் வந்து சேர்ந்தது. அண்ணி அதை எடுத்துத் தன் இடுப்புக்குத் தடவிக்கொண்டாள். என் முழங்கால் வேடிக்கை பார்த்தது.

அவளேதான் சொன்னாள். ஒரு தடவை இல்லை. நேற்றுப் பள்ளி விட்டு வரும்போதுகூட, "மாமா, மணியை நல்லா ஓங்கி அட்ச்சா சவுதிக்கு கேக்குமா?" என்றாள். சினிமா வசனம் மாதிரி இருக்கிறதே என்று நினைப்பாய். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படித்தான் பேசுகின்றன, நான் என்ன செய்ய?

அவளுடைய அடுத்த முறை செப்டம்பர் 12. அதை டிசம்பருக்குத் தள்ளிவிட்டால் உனக்கு வசதியாக இருக்குமே என்று பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் பேசினேன். நான்தான் செயலாளர், தெரியுமல்லவா. பிள்ளையே இல்லாதவனைச் செயலாளர் ஆக்கிய ஊர் நம் ஊர்தான். தசரதன் விடுவானா? "இன்னாபா யாக்கோபு, கோழி வளக்காதவன் முட்டைக்கு வெல சொல்ற? எங்க வூட்டு முறைய நாங்க தள்ளிப்போட்டா ஒத்துப்பியா?" என்றான்.

"உன் வூட்டு முறையையும் நானே செய்யறேன், போதுமா?" என்று ரோஷத்தில் சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான், கூட்டத்தில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வேலை வந்துவிட்டது. ஒருத்தி மகளுக்குப் பிரசவம் என்றாள். ஒருவன் ஓ.டி. என்றான். தலைவர் அப்பாவு அதுவரை தூங்கிக்கொண்டிருந்தவர், கண்ணைத் திறந்து, "டீ வந்துச்சா? அப்ப என் பேரன் முறையையும் அவன் பேர்ல எழுதிக்கோங்க" என்றார். மொத்தம் ஏழு வீட்டு முறை என் தலையில். அதற்குப் பதிலாகப் பிரியாவின் முறை நவம்பருக்குத் தள்ளியாயிற்று. டிசம்பருக்கு இன்னும் இரண்டு வீடு வேண்டும், பிடித்துவிடுவேன்.

பேரீச்சம்பழம் வேண்டாம். அந்தப் பழ விஷயத்தில் எனக்கு ஊரில் கொஞ்சம் கெட்ட பெயர். நேரில் சொல்கிறேன்.

அண்ணன்,
யாக்கோபு


ரியாத்
23-8-1991

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். சுகம், உங்கள் அனைவரின் சுகமும் அறிய ஆவல்.

பாரம் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. மேட்ரன் இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

உன் கடிதங்களில் பிரியா எவ்வளவோ பேசுகிறாள். ஆனால் அவள் கையெழுத்து எங்கேயும் இல்லை. பொங்கலுக்கு வந்த வாழ்த்து அட்டையில் "அன்புடன் பிரியா" என்று இருந்ததே, அதன் பிறகு ஒன்றுமில்லை. ஒரே ஒரு வரி அவளை எழுதச் சொல். என்ன வேண்டுமானாலும் எழுதட்டும். பதினாறாம் வாய்ப்பாடு எழுதினாலும் சரி.

உன் தங்கை,
மெர்சி


கொளத்துமேடு
15-9-1991

அன்புத் தங்கைக்கு,

இங்கு யாவரும் சுகம். நீயும் சுகம்தான் என்று நம்புகிறேன்.

உன் அண்ணன் இப்போது ஐந்தாம் வகுப்பின் நிரந்தர மாணவன். மூன்றாவது ஷிப்டு முடித்து, கம்பெனி பஸ்ஸில் வந்து, குளித்து, நேராகப் பள்ளிக்கூடம். போன மாதம் மட்டும் நான்கு நாள். சுந்தராம்பாள் டீச்சர் வருகைப் பதிவு எடுக்கும்போது கடைசியில் "யாக்கோபு" என்று கூப்பிடுகிறார். நானும் "உள்ளேன் டீச்சர்" என்கிறேன். ஒருநாள் பதில் வரவில்லை. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தால் நான் சுவரில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறேன். "யாரும் எழுப்பாதீங்க. இந்தக் கிளாஸ்ல சத்தம் போடாம தூங்கற ஒரே புள்ள வேணும்னுதான் கேட்டேன், சத்தம் போட்டுத் தூங்கறத அனுப்பிட்டாங்க" என்றாராம். பாப்பம்மாள் ஆயா எனக்கு மட்டும் முட்டையை எடுத்து வைத்து எழுப்பினாள். முட்டை பிள்ளைகளுக்கு வந்தது. நான் சாப்பிட்டேன். இதை வெளியே சொல்லாதே.

பிரியா உனக்கு எழுதுவாள். காலாண்டுப் பரீட்சை நெருக்கத்தில் இருக்கிறாள். ஒரு படம் வரைந்தாள், வீடும் மூன்று பேரும். அனுப்பலாம் என்றிருந்தேன். அதற்குள் அண்ணி அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டாள்.

அண்ணி கொஞ்ச நாளாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். நீ வரலாம் என்று நான் சொன்னதிலிருந்து. சந்தோஷமாகத்தான் இருக்கும். காலையில் பிரியாவுக்குப் பின்னல் போடும்போது மட்டும் கோயில் பாட்டு ஏதாவது முணுமுணுக்கிறாள். பின்னல் முடிந்தால் பாட்டும் முடிந்துவிடுகிறது.

பாரத்தை என்ன செய்தாய்?

அண்ணன்,
யாக்கோபு


கொளத்துமேடு
20-10-1991

அன்புத் தங்கைக்கு,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? தபால்காரர் சைக்கிளைக் கண்டால் நான் எழுந்து நிற்கிறேன். நேற்று அவரே வண்டியை நிறுத்தி, "அண்ணே, வந்தா நானே ஓடியாந்து குடுக்கறேன். நீ இப்டி பாத்தா எனக்கு இந்தப் பக்கம் வரவே பயமா கீது" என்றார்.

மழை பிடித்துக்கொண்டது. பள்ளியில் மூன்றாம் வகுப்பு மூலை ஒழுகுகிறது. கழகத்தின் சார்பில் நானே ஏறி ஓடு மாற்றினேன். தசரதன் கீழேயிருந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு, பிடித்த நேரம் முழுக்கத் திட்டினான். இந்த மாதிரி என்னைத் திட்ட வீட்டில் ஆள் இல்லாமல் போய்விட்டது, மெர்சி. அண்ணிக்குத் திட்ட வராது. அவள் பேசாமல் இருப்பாள், அவ்வளவுதான். நீ இருந்தபோது ஒரு நாளைக்கு மூன்று சண்டை, ஞாயிற்றுக்கிழமை நான்கு.

பிரியாவின் முறை டிசம்பர் 18, புதன்கிழமை. முடிவாக எழுதிவிட்டேன். டீச்சர் கையெழுத்தும் ஆயிற்று. அதற்கு மேல் தள்ள ஊரில் வீடு மிச்சமில்லை.

இன்னும் பதினோரு நாள்தான் இருக்கிறது, உன் பாரத்துக்கு. நான் ஒன்றும் சொல்லவில்லை. நாளை எண்ணினேன், அவ்வளவுதான்.

அண்ணன்,
யாக்கோபு


ரியாத்
3-11-1991

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. கையெழுத்து விஷயத்தில்தான் கை நகரவில்லை. செப்டம்பர் முழுக்கப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பேனாவைத் திறந்து இரண்டு தடவை மூடினேன். ஒரு வரிகூட எழுதாத பிள்ளைக்காகவா என்று தோன்றும். பிறகு உன் ஜூன் மாதக் கடிதத்தை எடுத்து அந்த ஒரு வரியைப் படிப்பேன். "அம்மா வந்தாத்தான் அடிப்பேன்."

பாரத்தை வெறும் தாளாகவே திருப்பிக் கொடுத்துவிட்டேன். மேட்ரன் ஏன் என்று கேட்டாள். என் மகள் பள்ளிக்கூடத்தில் ஒரு மணி இருக்கிறது, நான் போனால்தான் அது அடிக்கும் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

டிசம்பர் 14 சனிக்கிழமை காலை மீனம்பாக்கத்தில் இறங்குகிறேன். 18ஆம் தேதி கடைசி பெஞ்சில் இருப்பேன். பதினாறாம் வாய்ப்பாட்டை இப்போதே படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அண்ணியிடம் நான் தனியாகப் பேச வேண்டும். அவள் செய்ததற்கு நன்றி சொன்னால் அது சின்ன வார்த்தையாக இருக்கும், சொல்லாவிட்டால் பெரிய பாவமாக இருக்கும்.

பிரியாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி, பள்ளி விலாசத்துக்கே அனுப்பியிருக்கிறேன். உன் வழியாக அனுப்பினால் நீ ஏதாவது சேர்த்துவிடுவாய். எந்தக் கையால் மணி அடிக்கப் போகிறாய் என்று கேட்டிருக்கிறேன். நான் இடது கையால்தான் அடிப்பேன், ஞாபகமிருக்கிறதா?

உன் தங்கை,
மெர்சி


கொளத்துமேடு
20-11-1991

அன்புத் தங்கைக்கு,

சுகம். உன் கடிதம் கிடைத்தது. வாசித்து முடித்து, கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். கண்ணில் தூசி. மழைக்காலத்தில் எங்கிருந்து தூசி வந்தது என்று அண்ணி கேட்டாள்.

பள்ளிக்கு நீ தனியாகக் கடிதம் போட்டிருக்க வேண்டாம். அங்கே தபாலெல்லாம் சரியாகச் சேராது. சேர்ந்தாலும் பிரியா பதில் எழுத நேரமிருக்காது, அரையாண்டுப் பரீட்சை வருகிறது. எழுதினாலும் சின்னப் பிள்ளை எழுதுவது, எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதே.

மணியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ ரொம்ப எதிர்பார்க்காதே. உன் காலத்துச் சத்தம் இப்போது வராது. இரும்புதானே, வயசாகாதா?

இரண்டு நாளாகச் சுங்குவார்சத்திரம் லாரிப் பட்டறைகளில் அலைந்துகொண்டிருக்கிறேன். அது வேறு வேலை. அங்கே ஒருவன், "பழைய டிரம்மா? முந்தி மாதிரி இப்ப யாரும் வச்சிக்கறதில்ல சார். கெடச்சா சொல்லியனுப்பறேன்" என்றிருக்கிறான். என்ன வேலை என்று கேட்காதே.

14ஆம் தேதி தசரதன்தான் வண்டி எடுத்து வருகிறான். வாடகை வேண்டாமாம். "அந்தப் பொண்ணு வந்துட்டா நீ எங்க வூட்டு முறையெல்லாம் செய்ய மாட்டியே, அதான் கஷ்டமா கீது" என்கிறான்.

பத்திரமாக வா. வந்ததும் என்னைத் திட்டு. காரணம் தானாகக் கிடைக்கும்.

அண்ணன்,
யாக்கோபு


அரசினர் தொடக்கப் பள்ளி, கொளத்துமேடு
27-11-1991

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகள் செ. சத்யப்பிரியா, ஐந்தாம் வகுப்பு, எழுதுவது. நான் நலம். அதுபோல் தாங்களும் நலமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இதுவரைக்கும் டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க. இனிமே நானே.

உங்க லெட்டர டீச்சர் கிளாஸ்ல வச்சுக் குடுத்தாங்க. எனக்குன்னு வந்த முதல் லெட்டர். தசரதன் மாமா பையன் ஸ்டாம்பு கேட்டான், நான் குடுக்கல.

மாமா பெஞ்சு மேல நின்னது நெஜமான்னு கேட்டிருக்கீங்க. நெஜம்தான். அன்னைக்கு பாரத்துல அம்மா பேர்னு இருந்த எடத்துல நான் சரோஜான்னு எழுதிட்டேன். பழக்கத்துல வந்துடுச்சு. மாமா அதையே பாத்துக்கினு இருந்துச்சு. அப்பத்தான் டீச்சர் வாய்ப்பாடு கேட்டாங்க. அப்புறம் டீச்சர் அழிச்சு எழுதச் சொன்னாங்க. மெர்சின்னு எழுதினேன். பேப்பர் கொஞ்சம் கிழிஞ்சிடுச்சு.

நீங்க வரப்போறீங்கன்னு மாமா சொன்னப்ப அத்தை என் ரெண்டு பின்னலையும் பிரிச்சு மறுபடியும் போட்டுச்சு. ரொம்ப நேரம் போட்டுச்சு. உங்களுக்குப் பின்னல் போடத் தெரியுமா? எனக்கு மறந்துடுச்சு.

என் முறைக்கு வந்தா கடைசி பெஞ்சுல சுவர் ஓரமா உக்காருங்க. அதுதான் மாமா எடம். மத்த எடத்துல ஆணி கீது, பொடவை கிழியும். நான் திரும்பிப் பாப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மகள்
செ. சத்யப்பிரியா

பி.கு. எந்தக் கையால மணி அடிப்பேன்னு கேட்டது மட்டும் எனக்குப் புரியல. எங்க ஸ்கூல்ல மணி இல்லியே அம்மா. டீச்சர் விசில்தான் ஊதுவாங்க. நீங்க சவுதிக்குப் போன வருஷமே டிரம் விரிசல் விட்டுச்சுன்னு மாமாதான் அதை பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டு, எல்லாருக்கும் பேரீச்சம்பழம் வாங்கிக் குடுத்துச்சு. ஆளுக்கு ரெண்டு. எனக்கு மட்டும் மூணு.